நாற்பது காசுக் கயிறு

பல் லேபில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளிகூட அப்படித்தான், அவருக்கு அவளைவிடப் பதினான்கு வயது கூடுதல் என்றாலும். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுக்கும் அச்சு, ஆளுக்கொரு டிரேயில் லேபுக்கு வரும். அதில் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றி மாடல் எடுப்பார்கள். மாடலின் மேல் மெழுகில் பல் செய்து, உலோகத்தில் வார்த்து, பீங்கான் ஏற்றி, சூளையில் சுட்டு, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துப்போகும் கேப்பாகத் திருப்பி அனுப்புவார்கள். மெழுகும் பீங்கானும் அக்காவின் பொறுப்பு. அவள் தலையசைக்காமல் ஒரு கேப்பும் வாசல் தாண்டாது.

மாவு ஊற்றுவது குருவி. சாப்பாட்டு நேரத்தில்கூட ஓரிடத்தில் உட்காராமல், டப்பாவைக் கையில் பிடித்தபடி நின்று கொறிப்பதால் லேபில் வைத்த பெயர் அது. வயது இருபத்தெட்டு. வீட்டில் ஐந்து வயது இரட்டைப் பெண்கள், கண் மங்கிப்போன மாமியார், ஷிப்ட் மாறி மாறி ஆம்புலன்ஸ் ஓட்டும் கணவன். காலையில் அத்தனை பேருக்கும் வேண்டியதைச் செய்துவைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு லேபுக்குள் நுழையும்போதே அரைநாள் வேலை பார்த்த முகத்தோடு வருவாள். ஆனால் அவள் ஊற்றிய மாடலில் ஒரு குமிழி இருக்காது. குமிழி இருந்தால் அந்த இடத்தில் மெழுகு தப்பாக உட்காரும், கடைசியில் கேப் வாயில் பொருந்தாது. அதனால் அக்காவுக்குக் குருவி மேல் பிரியம். அக்காவின் பிரியமெல்லாம் பெரும்பாலும் வேலையிலிருந்துதான் தொடங்கும்.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. கணவனை விட்டு வந்து ஆறு வருடம். லேபுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் தம்பி வீட்டில் இருந்தாள். தம்பியோ தம்பி மனைவியோ ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஆனால் அவளுக்கென்று ஒதுக்கிய அறையில்தான் வாஷிங் மெஷினும் இருந்தது. அழுக்குத் துணியோடு எந்நேரமும் யாராவது உள்ளே வருவார்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் வருவது வருவதுதான்.

அந்த அறையில் உட்கார்ந்து அவள் போனில் ஒரு விளையாட்டு ஆடினாள். கடலும் தீவுகளும் கப்பல்களுமாக, பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டு. அதை நடத்துகிற கம்பெனி அதற்குள் எதையும் விற்பதில்லை. பாய், துடுப்பு, தார், கயிறு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஆடுகிறவர்களே செய்து, ஆடுகிறவர்களுக்கே விற்க வேண்டும். அக்கா கயிறு திரித்தாள். சதுப்புத் தீவில் காசு கட்டி நார் வெட்டி, ஊறப்போட்டு, தார் பூசி, முறுக்கிச் சுருளாக்கித் துறைமுகத்தில் கடை போட்டாள். கயிறு இல்லாமல் எந்தக் கப்பலும் கிளம்பாது என்பதால் வியாபாரத்துக்குக் குறைவில்லை.

கடைக்கு இரண்டே விதிகள். ஆள் விளையாட்டுக்குள் இருக்கும்வரைதான் கடை திறந்திருக்கும். வெளியே வந்தால் கடையும் மூடிக்கொள்ளும். துறைமுகப் பலகையில் விலை குறைந்த கடை மேலே நிற்கும். ஒரே விலை என்றால் முதலில் திறந்த கடை மேலே. வாங்க வருகிறவர்களுக்கு எப்போதும் அவசரம். மேலே இருப்பதைத் தொட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அக்கா சேர்ந்த புதிதில் கயிற்று வியாபாரம் சீரழிந்து கிடந்தது. ஆளாளுக்கு ஒவ்வொரு காசாகக் குறைத்து, நாருக்கும் தாருக்கும் கொடுத்ததுகூடத் திரும்பாத அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காதான் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நார், தார், கடை வாடகை, திரிக்கிற நேரத்துக்குக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு சுருளுக்கு நாற்பது காசு வந்தது. வாங்குகிறவன் முகம் சுளிக்காமல் வாங்கலாம், விற்கிறவன் நஷ்டப்படாமல் விற்கலாம் என்று விளக்கமாக எழுதி, முக்கியமான கயிற்றுக்காரர்கள் ஏழு பேருக்கு அனுப்பினாள். ஏழு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் பெரிய கை, 'பெரியகப்பல்' என்ற பெயரில் ஆடிய ஒருவர். எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர்தான் எட்டுப் பேருக்கும் ஒரு குழு தொடங்கி, கயிற்றுச் சங்கம் என்று பெயர் வைத்தார்.

விளையாட்டிலும் அவளுக்கு அக்கா என்றே பெயர். வேறு பெயர் யோசிக்கத் தோன்றவில்லை. இரண்டு வருடமாகக் கயிறு நாற்பதிலேயே நின்றது. புதிதாக வருகிறவர்கள் ஏன் நாற்பது என்று கேட்டால், "அது அக்கா கணக்கு, தப்பாது" என்று சங்கத்தார் பதில் எழுதுவார்கள். அதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு முதுகு நிமிரும்.

குருவியை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவந்ததும் அக்காதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சும்மா காட்டினாள். குருவிக்குப் பிடித்துப்போயிற்று. ஆறு மணிக்கு லேபை மூடுவார்கள். ஆறு பத்துக்கு நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ்ஸில் குருவிக்கு ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். ஆறு நாற்பதுக்கு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி இறங்க வேண்டும். இறங்கினால் குழந்தைகள், சமையல், மாமியாருக்குக் கண் மருந்து. ஒரு நாளில் யாரும் அவளைக் கூப்பிடாத நேரம் அந்த அரைமணிதான். நாரை ஞாயிற்றுக்கிழமை காலையில் இரட்டையரை மடியில் வைத்துக்கொண்டு வெட்டுவாள். கயிற்றை மதியத்தில் நின்றுகொண்டே திரிப்பாள். விற்பது மட்டும் பஸ்ஸில். அவளிடம் ஒரு சின்ன ஓடம் இருந்தது. விளையாட்டின் கடைக்கோடியில் ஒரு பனித்தீவு உண்டு. அங்கே போக இரண்டு பாய்மரம் வைத்த படகு வேண்டும். பனியைப் பார்க்க வேண்டும் என்று இரட்டையர் நச்சரித்ததால் அதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு வாரம் அவளும், குருவி என்ற பெயரிலேயே, நாற்பதுக்குத்தான் கடை போட்டாள். ஒரு சுருள் விற்கவில்லை. மற்றவர்களின் கடைகள் மதியத்திலிருந்தே திறந்திருக்கும்; அவள் கடை பலகையின் அடியில் கிடக்கும். மூன்றாவது வாரம் முப்பத்தொன்பது என்று போட்டாள். பஸ் பாலத்தை எட்டுவதற்குள் இருபது சுருளும் தீர்ந்துபோயின.

அன்றே சங்கத்தில் புகைய ஆரம்பித்தது. யார் இந்தக் குருவி, எங்கிருந்து முளைத்தது என்று கேட்டார்கள். அக்கா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாவு மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு, நாற்பதின் கணக்கைக் குருவிக்கு முழுசாக விளக்கினாள். நீ ஒன்று குறைத்தால் இன்னொருவன் இரண்டு குறைப்பான், கடைசியில் எல்லோரும் சும்மா கொடுக்க வேண்டியதுதான் என்றாள். குருவி மென்றுகொண்டே கேட்டாள்.

"கணக்கு சரிதான்க்கா," என்றாள். "ஆனா நாற்பதுக்குப் போட்டா மணிக்கணக்கா கடையைத் திறந்து வெச்சுக் காத்துக்கிட்டு இருக்கணும். உங்களால முடியும். எனக்கு இருக்கிறது அரைமணி நேரம்."

அது அக்காவை உறுத்தியது. அவள் போன் மாலை முழுவதும் சார்ஜில் கிடக்கும். அவள் துணி மடிப்பாள், சாப்பிடுவாள், கடை தன்பாட்டுக்கு நடக்கும். அது ஒரு வசதி என்று அதுவரை அவள் நினைத்ததே இல்லை. எதற்கும் ஒரு வாரம் நாற்பதுக்கே போட்டுப் பார் என்றாள். குருவி மறுக்கவில்லை. அந்த வாரம் மூன்று சுருள் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை மறுபடி முப்பத்தொன்பது. அதைச் செய்வதற்கு முன்னால் அக்காவிடம் வந்து, "இன்னிக்கு முப்பத்தொம்பதுக்குத்தான் போடப்போறேன், கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டே போனாள்.

இதே சமயத்தில் லேபிலும் காற்று திசை மாறியது. ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு லேப் திறந்து, கேப்புக்குப் பாதி விலை என்று கிளினிக் கிளினிக்காக ஆள் அனுப்பினார்கள். பத்து வருடமாக அச்சு அனுப்பிய இரண்டு டாக்டர்கள் நழுவினார்கள். முதலாளி ஒரு காலை எல்லோரையும் நிற்கவைத்து, கண்ணைப் பார்க்காமல், கேப்புக்கு இவ்வளவு என்று கொடுத்துவந்த கூலியைக் குறைப்பதாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவன் குறைத்தால் நானும் குறைக்காமல் என்ன செய்ய என்று அக்காவிடம் தனியாகப் புலம்பினார். புது லேப் கேப் ஒன்றை அக்கா வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரம் இடைவெளி விட்டிருந்தது. நிறம் சுண்ணாம்பு. இதை வாயில் வைத்துக்கொள்கிறவருக்கு ஒரு வருடத்தில் ஈறு வீங்கும். இதற்குப் போட்டியாகத் தன் கூலி குறைந்ததை அவளால் விழுங்க முடியவில்லை.

அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது? முதலாளி மேல் முடியாது. பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆளை அவள் பார்த்ததே இல்லை. மாலையில் போனைத் திறந்தால் பலகையின் உச்சியில் குருவி, முப்பத்தொன்பது.

அந்த வாரம் சங்கத்தில் இன்னும் இரண்டு பேர் பொறுமை இழந்து முப்பத்தெட்டுக்கு இறங்கினார்கள். பெரியகப்பல் குழுவில் எழுதினார்: "இப்படியே விட்டா ரெண்டு வருஷ உழைப்பு போச்சு. அக்கா போட்ட கணக்குக்கு மரியாதை இல்லாம போயிரும். அந்தக் குருவியை யாருக்காவது தெரியுமா? எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரிஞ்சா போதும்."

அக்கா அதைப் படித்தபோது தம்பி மனைவி ஒரு வாளித் துணியோடு உள்ளே வந்து மெஷினைத் திறந்தாள். இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். கதவு மூடியதும் அக்கா எழுதினாள்: "தினம் ஆறு பத்துலேர்ந்து ஆறு நாற்பது வரைக்கும். ஞாயிறு விக்காது."

எழுதியது ஒரு வரிதான். எட்டுப் பேரும் அதற்கு விருப்பக்குறி போட்டார்கள், அவளையும் சேர்த்து. கை தவறிப் பட்டுவிட்டது, எடுக்கத் தோன்றவில்லை.

திட்டத்தைப் பெரியகப்பலே வகுத்தார். 'முதலை' என்று புதுப் பெயரில் ஒரு ஆளை உருவாக்கினார். எட்டுப் பேரும் ஆளுக்கு ஐம்பது சுருள் அதற்குக் கொடுப்பது. அந்த அரைமணி நேரம் மட்டும் முதலை இருபத்தைந்துக்கு விற்கும். நாருக்கே அதற்கு மேல் ஆகும் என்பதால் குருவியால் எட்டவே முடியாது. ஆறு நாற்பதுக்கு முதலை போய்விடும், விலை மறுபடி நாற்பது. நஷ்டத்தை எட்டாகப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் வலிக்காது. முதலையை யார் ஆடுவது என்று கேட்டபோது, அந்த நேரத்தில் சரியாக இருக்கக்கூடியவர் அக்காதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான். ஆறு மணிக்கு லேபைப் பூட்டி, இரண்டு நிமிட நடையில் இருக்கும் பஸ் நிலையம் வரை குருவியோடு பேசிக்கொண்டு நடந்து, அவள் ஏறியதும் கையசைத்துவிட்டு, ஆறு பத்துக்கு அக்கா தன் அறையில் இருப்பாள்.

முதல் நாள் இருபத்தைந்து என்று அடித்து, இரண்டு முறை அழித்துவிட்டுத்தான் போட்டாள். இரண்டாம் நாள் அழிக்கவில்லை. மூன்றாம் நாள், குருவி முப்பத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்துக்கும், பிறகு முப்பதுக்கும் இறங்கிப் பார்த்ததைப் பலகையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ மெழுகைச் சுரண்டி விளிம்பைச் சரிசெய்வது போன்ற கவனம் அவளுக்கு வந்திருந்தது. குருவி இருபத்தாறு என்று போட்டாள். அக்கா அசையவில்லை. ஆறு நாற்பதுக்குக் குருவி மறைந்தாள்.

லேபில் குருவி இதைப் பற்றி வேறு யாரிடம் பேசுவாள்? அக்காவிடம்தான் பேசினாள். முதலை என்று ஒன்று கிளம்பியிருக்கிறது, நான் பஸ் ஏறினால் வருகிறது, இறங்கினால் போகிறது என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, உனக்குப் பொருத்தமான மாமியார் அங்கேயும் கிடைத்துவிட்டார் என்று கேலி செய்தாராம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாருக்குக் காசில்லாமல் ஓடத்தை விற்றுவிட்டதாகச் சொன்னாள். இரட்டையருக்கு இன்னும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை கேட்டால் ஓடத்தைப் பழுது பார்க்க விட்டிருப்பதாகச் சொல்லப்போகிறேன் என்றாள்.

"என்னக்கா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

அக்கா கையிலிருந்த மெழுகுப் பல்லைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "கொஞ்ச நாள் விட்டுத்தான் பாரேன்," என்றாள். குருவி யோசித்துவிட்டு, பஸ்ஸில் சும்மா உட்கார்ந்தால் வீட்டு ஞாபகம்தான் வரும் என்றாள்.

எட்டாம் நாள் மதியம் மூன்றேகால் மணிக்குத் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்து லேபில் மின்சாரம் போயிற்று. சூளை நின்றுவிட்டது. இன்றைக்கு வராது என்று தெரிந்ததும் முதலாளி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். குருவிக்கு ஒரே குஷி. மூன்றே முக்கால் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக இரண்டு கையையும் ஆட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அக்காவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. சங்கத்துக்கு மின்சாரம் போனதும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. அந்த நேரத்தில் குழுவில் யாரும் எதுவும் எழுதவும் இல்லை. அக்கா வீட்டுக்கு வந்தாள். அவர்கள் தெருவில் மின்சாரம் இருந்தது, தம்பி மனைவி வெளியே போயிருந்தாள், மெஷின்கூட ஓடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். இப்போது குருவி கடையைத் திறந்திருப்பாள் என்ற நினைப்பு வந்தது. முதலை வராது என்று தைரியமாக முப்பத்தொன்பது போட்டிருப்பாள். அக்கா போனை எடுத்தாள். முதலையாக உள்ளே போனாள். இருபத்தைந்து போட்டாள்.

பின்னாளில் அக்காவால் மற்ற ஏழு நாட்களுக்கும் ஏதாவது ஒரு நியாயம் சொல்லிக்கொள்ள முடிந்தது. இந்த ஒரு நாளுக்கு முடியவில்லை.

மறுநாள் காலை குருவி அச்சுகளைக் கழுவி வரிசையாக அடுக்கினாள். பதினோரு மணிக்கு முதலாளி ஒரு கிளினிக்குக்குக் கிளம்பிப் போனார். மற்ற இரண்டு பேரும் பாலிஷ் அறையில் இருந்தார்கள். குருவி கையைத் துடைத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்து நின்றாள்.

"நேத்து மூணே முக்காலுக்குப் பஸ் ஏறினேன்," என்றாள். "முதலையும் வந்துச்சு."

அக்கா மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மூணே முக்காலுக்கு நான் பஸ்ல இருப்பேன்னு என் வீட்டுக்காரருக்கே தெரியாது."

அக்காவுக்கு முதலில் வாயில் வந்தது, வந்திருக்கவே கூடாதது. "ஒரு விளையாட்டுக்குப் போயி ஏன் இப்படி."

"விளையாட்டுதான். அவங்க யாராவது பண்ணியிருந்தா, சரி, போட்டின்னா அப்படித்தான்னு விட்டிருப்பேன். என் நேரத்தை அவங்களுக்கு யார் குடுத்தது?"

"எத்தனை தடவை சொன்னேன் உனக்கு? நாற்பதுக்குப் போடு, நாற்பதுக்குப் போடுன்னு."

"சொன்னீங்க. நானும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் குறைச்சேன்," என்றாள் குருவி. "என் பேர்லதான் வித்தேன்."

அவள் குரல் உயரவில்லை. அழவும் இல்லை. அக்கா மாடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் குருவி ஊற்றிய மாடல்தான். குருவி தன் மேசைக்குத் திரும்பி, குமிழி போக ஆட்டும் அதிர்வு மெஷினைப் போட்டு, மாவைக் கலக்க ஆரம்பித்தாள். அந்த இரைச்சலில் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது.

அன்று மாலை அக்கா சாவியைப் பூட்டில் திருப்பி எடுப்பதற்குள் குருவி தெருமுனையைத் தாண்டியிருந்தாள். பலகையில் அவள் கடை திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. நான்காம் நாள் பெரியகப்பல் சங்கத்தில் அறிவித்தார், குருவி பறந்துவிட்டது, அக்காவுக்கு நன்றி என்று. எல்லோரும் வாழ்த்தினார்கள். யாரோ அவள் பெயருக்குப் பக்கத்தில் கிரீடம் போட்ட படம் ஒன்றை ஒட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து அவரே எழுதினார், நாளையிலிருந்து கயிறு எழுபத்தைந்து காசு என்று.

அக்காவுக்கு முதலில் எழுத்துப்பிழை என்றுதான் தோன்றியது. கணக்குப்படி நாற்பதுதானே வருகிறது, நாரோ தாரோ விலை ஏறவில்லையே என்று கேட்டாள்.

"கணக்கு நல்ல கணக்குதான் அக்கா," என்று பதில் வந்தது. "இப்ப குறைச்சு விக்க ஆள் இல்லையே. கேக்குற விலையைக் குடுப்பாங்க."

மற்ற ஆறு பேரும் ஆமாம் போட்டார்கள். முப்பத்தெட்டுக்கு இறங்கிய இரண்டு பேரும் அதில் சேர்த்தி. அப்படியானால் இத்தனை நாள் நியாயம் என்று சொன்னது என்ன என்று அக்கா நீளமாக எழுதினாள். படித்துப் பார்த்தாள். அனுப்பினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருவரை எப்படி ஒழித்துக்கட்டுவது என்று அவர்களுக்கு அவளே முன்நின்று செய்துகாட்டியிருந்தாள். எழுதியதை அழித்தாள். மறுநாள் தன் கடையில் எழுபத்தைந்து என்று போட்டாள்.

விற்றது. நன்றாகவே விற்றது. சின்ன ஓடக்காரர்கள் இரண்டு மூன்று பேர் அவளுக்குச் செய்தி அனுப்பிக் கெஞ்சினார்கள். பழைய விலைக்கு ஐந்து சுருள் மட்டும் கொடுங்கள், அக்கா நியாயக்காரர் என்று சொன்னார்கள் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவள் பதில் போடவில்லை. ஒரு மாதத்தில் மூன்று பாய்மரம் வைத்த கப்பலே வாங்கும் அளவுக்குக் காசு சேர்ந்தது. வாங்கவும் செய்தாள். பனித்தீவு வரை ஒரு முறை போய்வந்தாள். வெள்ளையாக இருந்தது. இறங்கிப் பார்க்க அங்கே வேறொன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், இரண்டு பாய்மரம் வைத்த படகு ஒன்றை வாங்கி, நூறு சுருள் கயிற்றோடு குருவியின் பெயருக்குப் பரிசாக அனுப்பினாள். குறிப்பு எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், 'குழந்தைகளுக்கு' என்று எழுதினாள். முப்பது நாளில் எடுத்துக்கொள்ளாத பரிசு அனுப்பியவருக்கே திரும்பும் என்பது விதி. முப்பதாம் நாள் திரும்பி வந்தது. குருவி அதைப் பார்த்தாளா, பார்க்கவே இல்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அக்காவால் முடியவில்லை.

ஏனென்றால் லேபில் குருவி வேலையை மட்டும்தான் பேசினாள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை, குத்திக்காட்டவில்லை. இந்த அச்சு சுருங்கியிருக்கிறது, டாக்டரிடம் வேறு அச்சு கேட்க வேண்டும். இந்த மாடல் இன்னும் காயவில்லை, மதியத்துக்கு மேல் எடுங்கள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் அக்கா ஒரு வார்த்தை பதில் சொல்லியிருப்பாள், அதில் எப்படியாவது மன்னிப்பையும் நுழைத்திருப்பாள். பேச்சில் எங்கும் அதற்கு இடம் இல்லை. இரண்டு முறை தானாக ஆரம்பித்துப் பார்த்தாள். "குருவி, அன்னிக்கு..." என்றதும், அவள் மரியாதையாகத் திரும்பி, "எந்த டிரே?" என்று கேட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது முதலாளி அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, குருவி வேலையை விடுகிறாள் என்றார். பாலத்துக்கு அந்தப் பக்கத்து லேபில் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாமாம். கூலி இங்கே வாங்குவதைவிடக் குறைவுதான், ஆனாலும் போகிறாளாம். மூன்று முறை கேட்டுப் பார்த்தேன், பஸ்ஸில் போய்வருவது பிடிக்கவில்லை என்கிறாள் என்று சொல்லிவிட்டு, "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா அக்கா," என்றார்.

"நான் சொன்னா கேக்க மாட்டா," என்றாள் அக்கா. முதலாளி ஆச்சரியமாகப் பார்த்தார்.

கடைசி நாள் குருவி ஒவ்வொருவர் மேசைக்கும் போய்ச் சொல்லிக்கொண்டாள். பாலிஷ் போடுகிறவர் அவளுக்கு ஒரு டார்ச் வாங்கிவைத்திருந்தார், மாமியாருக்குக் கண் மருந்து ஊற்ற வெளிச்சம் போதவில்லை என்று அவள் என்றோ சொன்னதை ஞாபகம் வைத்து. குருவிக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக அக்காவின் மேசைக்கு வந்தாள். கையில் மீதியிருந்த ஒன்பது டிரேக்களின் சீட்டு. ஒவ்வொன்றாக விளக்கினாள். இரண்டாவது மாடலில் கடைவாய்ப் பக்கம் பிசிறு இருக்கிறது, கத்தி படாமல் எடுக்க வேண்டும். ஐந்தாவதுக்கு டாக்டர் நிறம் எழுதவில்லை. எட்டாவதை மறுபடி ஊற்ற வேண்டும், தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது, என் தப்பு. அக்கா எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். சீட்டை வாங்கிக்கொண்டாள். குருவி பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள்.

புது ஆள் கிடைக்கும்வரை மாவையும் அக்காவே ஊற்ற வேண்டியதாயிற்று. எட்டாவது அச்சை எடுத்து, கழுவி, துடைத்து, அளந்து கலக்கி, அதிர்வு மெஷினில் வைத்து மெதுவாக ஊற்றினாள். உறைந்ததும் பிரித்துப் பார்த்தாள். முன்பல்லின் விளிம்பில் ஒரு குமிழி. மறுபடி ஊற்றினாள். இந்த முறை இரண்டு. சாப்பாட்டு நேரம் வந்தது. மற்றவர்கள் கை கழுவப் போனார்கள். அவள் மூன்றாம் முறையாக மாவை அளந்தாள்.